கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்

அரசியல் பத்தி எழுதிப் பழகியவன் விடுமுறையைப் பற்றி எழுதப் புகுந்தால், எழுதுவதற்கு விடயம் தீர்ந்துவிட்டதோ என்று வாசகர்கள் ஐயுறக்கூடும். விடயத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும், பிரித்தானியாவில் வாழும் எம்மவர்கள் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் கடற்கரைகளுக்குப் போகிறார்கள். அங்கே என்ன செய்வது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குச் சம்பந்தப்பட்டதல்ல என்பதை நான் நேரில் கண்டேன். அதனால்தான் இதனை எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இப்பக்கத்தை வாசிப்பவர்களுக்கும் இதில் சொல்ல ஒரு செய்தி உண்டு.

அண்மையில் ஒரு கோடையில் தென்கிழக்கு லண்டனில் வசிக்கும் எனது தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பாடசாலை விடுமுறைக் காலம். மைத்துனர் நான்கு நாட்களுக்கு ஒரு கரவன் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில், றை என்ற பழைய பட்டினத்துக்கு அண்மையில், கேம்பர் சான்ட்ஸ் கடற்கரையில் அந்தக் கரவன் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த தங்கை என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"அண்ணா, பிள்ளையள் கடலைப் பாக்கலாம், படம் எடுக்கலாம். காலை நனைக்கிற கதை மட்டும் வேண்டாம். நீங்களும் அவையோட சேர்ந்து இறங்கிப்போடாதேங்கோ."

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். வடமராட்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அலையோசை கேட்கும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி, இதே கேம்பர் சான்ட்ஸ் கடற்கரையில் லண்டனைச் சேர்ந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். 18 வயதுக்கும் 27 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுள் இருவர் உடன்பிறந்தவர்கள். அன்று புயலுமில்லை, மழையுமில்லை. நல்ல வெயில் எறித்த விடுமுறை நாள். கடற்கரை நிறைய மக்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னர் அதே கடலில் வேறு இருவரின் உயிர்களும் பறிபோயிருந்தன. அந்த இளைஞர்களை நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் லண்டனில் தமிழர் வாழும் தெருக்களில் அச்செய்தி சாவு வீட்டுச் செய்தியாகவே இறங்கியது. அன்று முதல் என் தங்கையைப் போன்ற எத்தனையோ தாய்மார் கடலுக்குத் தம் வீட்டில் தடை விதித்துவிட்டார்கள்.

அந்தத் தாய்மாரின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சம் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது என்பதே எனது அபிப்பிராயம். தடை விதிக்கப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதில் நண்பர்களோடு காரேறிக் கடற்கரைக்குப் போகத்தான் போகிறது. அப்பொழுது அதன் கையில் இருக்கவேண்டியது தாயின் தடையல்ல, கடலைப் பற்றிய அறிவு. குடும்ப விடுமுறை என்பது அந்த அறிவைக் கொடுப்பதற்குக் கிடைக்கும் மிகச்சிறந்த பாடசாலை. எனவே, இங்கிலாந்துக் கடற்கரையில் என்ன செய்யலாம் என்று யாரும் என்னிடம் கேட்டால், முதலில் வற்றுப்பெருக்கு அட்டவணையை வாங்குங்கள் என்பேன். மற்றவை அதற்குப் பிறகு.

இதனைச் சற்று விளக்கவேண்டும். இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் வற்றுப்பெருக்கு உண்டு. ஆனால் அதன் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. காலையில் பார்த்த கரையை மாலையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் பார்க்கலாம். எங்கள் கடல் சீறும், பொங்கும், ஆனால் நடக்காது. இங்கிலாந்தின் கடல் நடக்கும். றை வளைகுடாவில் அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டிக் கடல்மட்டம் ஆறு மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மேற்கே செவேர்ன் ஆற்று முகத்துவாரத்தில் இது 14 மீற்றர் வரை போகும். உலகின் மிகப் பெரிய வற்றுப்பெருக்குகளுள் அதுவும் ஒன்று.

கேம்பரில் மணல் ஏறக்குறையத் தட்டையானது. அதனால் கடல் வற்றும்போது நீர்விளிம்பு அரை மைலுக்கும் அப்பால் போய்விடுகிறது. அந்த வெளியில் மணல்மேடுகளும் அவற்றுக்கு இடையே நீண்ட பள்ளங்களும் கிடக்கின்றன. கடல் திரும்பி வரும்போது முன்னால் இருந்து மட்டும் வருவதில்லை. பள்ளங்களின் வழியே பக்கவாட்டில் புகுந்து, மேட்டில் நிற்பவனுக்குப் பின்னால் முதலில் நிறைகிறது. முழங்காலளவு நீரில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பவனுக்கும் கரைக்கும் இடையில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் ஒரு வாய்க்கால் உருவாகிவிடுகிறது. மேலும், இந்தக் கரையில் கடல் வற்றுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடப் பெருகுவதற்கு எடுக்கும் நேரம் குறைவு. ஏறக்குறைய ஐந்து மணித்தியாலங்களில் அத்தனை நீரும் வந்து சேர்ந்துவிடும். நீச்சல் தெரிந்தவனையும் இது ஏமாற்றும். ஆகவே அந்த ஐந்து இளைஞர்களை யாரும் அசட்டுத்துணிச்சல் என்று குறை கூறுவது அநியாயம். எச்சரிக்கும் உயிர்காப்பாளர் எவரும் அன்று அந்தக் கடற்கரையில் கடமையில் இருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆடி அமாவாசை நாள். தங்கை தந்தையாருக்காக விரதம். கடற்கரைச் சிற்றுண்டிக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியலாவது வாங்கலாம் என்று மைத்துனர் சொன்னார். இங்கிலாந்தின் பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்பது தங்கைக்குத் தெரியும். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுக்கும் மரக்கறிக்கும் அப்பால் எதையும் தொடவில்லை. மணற்குன்றின் அடியில் பாயை விரித்தோம். எங்களைச் சுற்றி இன்னும் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பெரிய சட்டிகள், சோடாப் போத்தல்கள், பாட்டு, கிரிக்கெட் மட்டை. எல்லாம் நிறைவாக இருந்தன. ஒன்றை மட்டும் கவனித்தேன். ஏறக்குறைய எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி, சட்டிகளைச் சுற்றி வட்டமாக அமர்ந்திருந்தார்கள்.

கொண்டுபோகும் சோற்றை நான் இகழவில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் கடையில் ஒரு வேளை உண்ணும் காசில் வீட்டில் இரண்டு நாட்களுக்குச் சமைக்கலாம். வட்டமாக இருந்து உண்பது எங்கள் பண்பாடு. ஆனால் வட்டத்தில் இருப்பவர்களுள் ஒருவராவது கடலைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

அன்று மாலை, கரவன் தரிப்பிடத்தின் கடையில் சிறிய அட்டவணைப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பதினொரு வயது மருமகளிடம் கொடுத்தேன். நாள்தோறும் கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்று அதில் இருந்தது. "நாலு நாளைக்கும் நீதான் மணிக்காரி. நீ சொல்லுற நேரத்துக்குத்தான் எல்லாரும் போவம், வருவம்" என்றேன். இரவு படுப்பதற்குமுன் அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். நேரம் ஒவ்வொரு நாளும் பிந்திக்கொண்டே போகிறது. சராசரியாக நாளுக்கு 50 நிமிடம். சந்திரன் நாள்தோறும் பிந்தி உதிப்பதுதான் காரணம் என்றேன். எட்டு வயது மருமகன் உடனே கதவைத் திறந்துபோய் வானத்தைப் பார்த்தான். அமாவாசையன்று சந்திரனைத் தேடினால் கிடைக்குமா? "இல்லாத சந்திரன் எப்பிடிக் கடலை இழுக்கும்?" என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

இரண்டாம் நாள் காலை எட்டு மணியளவில், கடல் முழுமையாக வற்றித் திரும்பத் தொடங்கும் வேளையில் நாங்கள் மணல்வெளிக்குப் போனோம். தங்கை மணற்குன்றை விட்டு இறங்கவில்லை. கரைக்கு அண்மையில், காய்ந்த மணலில் இருந்து ஐம்பது அடி தூரத்திலேயே நின்றுகொண்டோம். பள்ளம் ஒன்றின் மறுபுறத்து மேட்டில் பிள்ளைகள் மணற்கோட்டை கட்டினார்கள். நாங்கள் பள்ளத்தின் இப்புறத்தில் ஒரு தடியை நட்டோம். கடல் வந்து எந்த இடத்தை முதலில் தொடும் என்று பந்தயம். இருவரும் கோட்டைதான் முதலில் விழும் என்றார்கள். அதுதானே கடலுக்கு அண்மையில் இருக்கிறது! நேரம் செல்லச் செல்லப் பள்ளத்தின் ஒரு முனையில் நீர் தலைகாட்டியது. சத்தமில்லை, அலையில்லை. பாயை விரிப்பதுபோல் வந்தது. கோட்டை காய்ந்த மணலில் அப்படியே நிற்க, தடியின் அடி நனைந்தது.

"மாமா, தண்ணி பின்னால வந்திட்டுது!" என்று மருமகன் கத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் சற்று நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "அந்த அண்ணாமாருக்கும் இப்பிடித்தானா நடந்தது?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கிறது. வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசாமல் விடுவதைப் பிள்ளைகள் வேறெங்கோ கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. எந்த வற்றுப்பெருக்குக் கடற்கரையிலும் செய்யலாம். கரைக்கு அண்மையில் நின்று, பெரியவர் ஒருவரோடு, கடல் பெருகத் தொடங்கும் நேரத்தில் செய்யவேண்டும். நூறு அறிவுறுத்தல்களைவிட அந்தத் தடி அதிகம் கற்பிக்கும்.

பத்து மணிக்கு உயிர்காப்பாளர்கள் கடமைக்கு வந்தார்கள். 2016இன் துயரத்துக்குப் பின்னர்தான் கேம்பரில் கோடைகால உயிர்காப்புச் சேவை நிலைபெற்றது. ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் உயிர்காப்புப் படகு நிறுவகம் 1824இல் தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளாகப் பொதுமக்களின் நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் இயங்குகிறது. அவர்களின் கொடிமொழியைப் பிள்ளைகள் அரிச்சுவடி போலக் கற்கவேண்டும். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடைப்பட்ட இடமே குளிப்பதற்குரியது. கறுப்பு வெள்ளைச் சதுரக் கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு உரிய இடத்தைக் குறிக்கும், அங்கே நீந்தக்கூடாது. முழுச் சிவப்புக் கொடி பறந்தால் எவரும் இறங்கலாகாது. செம்மஞ்சள் நிறக் காற்றுப்பை பறந்தால் காற்று கடலை நோக்கி அடிக்கிறது என்று பொருள், காற்றடைத்த மிதவைகளை அன்று நீரில் விடக்கூடாது. நீரில் தத்தளிக்க நேர்ந்தால் முதலில் போராடாமல் முகத்தை மேலே வைத்து மல்லாந்து மிதக்கவேண்டும். கரையில் இருப்பவர் நீரில் பாயாமல் 999ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேட்கவேண்டும். மருமகன் இதையெல்லாம் ஒரு பெண் உயிர்காப்பாளரிடம் நேரிலேயே கேட்டறிந்தான். அவர் வெகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

கடல் பெருகிக் கரையை மூடும் நண்பகல் வேளையை என்ன செய்வது? விளையாட்டு இயந்திரக் கூடங்கள் காத்திருக்கின்றன. இரண்டு பென்ஸ் நாணயங்களை விழுங்கும் இயந்திரத்தின் முன் பிள்ளை நின்றுவிட்டால் பத்துப் பவுண் எப்படிப் போகிறது என்றே தெரியாது. நாங்கள் அதற்குப் பதிலாகச் சிறிய புகையிரதத்தில் ஏறினோம். ஹைத் என்ற ஊரிலிருந்து டஞ்செனஸ் முனை வரை பதின்மூன்றரை மைல் தூரம் ஓடும் குட்டி நீராவிப் புகையிரதம் அது. 1927இல் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் 15 அங்குலம் மட்டுமே. பெரியவர்கள் முழங்காலை மடித்துக்கொண்டு அமரவேண்டும். மைத்துனரின் தோற்றம் பார்க்கத்தக்கதாக இருந்தது.

டஞ்செனஸ் ஒரு விசித்திரமான நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூழாங்கற்கள். 1904இல் முதன்முதலாக ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம் ஒன்று கறுப்பாக நிற்கிறது. பின்னால் எழுந்த அணுமின் நிலையம் அதன் ஒளியை மறைத்ததால் 1961இல் வேறொரு விளக்கம் கட்டவேண்டியதாயிற்று. இன்று அந்த அணுமின் நிலையமும் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. றை பட்டினத்தையும் பார்த்தோம். முன்னொரு காலத்தில் கடல் சூழ்ந்த துறைமுகமாக இருந்த ஊர் இன்று கடலிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னன் கடற்காவலுக்காகக் கட்டிய கேம்பர் கோட்டை இப்போது புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே நிற்கிறது. நாளுக்கு இருமுறை நடக்கும் கடல் நூற்றாண்டுக் கணக்கிலும் நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்டார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் மணிக்காரி எல்லோரையும் விடியற்காலையில் எழுப்பினாள். அன்று கடல் மிகத் தாழ்வாக வற்றும் நாள். ஹேஸ்டிங்ஸ் நகரின் மேற்குப் புறத்தில், புல்வர்ஹைத் என்ற இடத்தில் ஒரு கப்பல் புதைந்து கிடக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமான 'அம்ஸ்ரர்டாம்' என்ற கப்பல் அது. பத்தாவியாவை நோக்கிய தனது முதற் பயணத்திலேயே சுக்கான் இழந்து 1749 ஜனவரியில் இந்தக் கரையில் தட்டியது. கடல் மிகவும் வற்றும் நாட்களில் மட்டும் அதன் மரச்சட்டங்களின் விளிம்பு மணலுக்கு மேல் தெரியும். பாதுகாக்கப்பட்ட சிதைவு என்பதால் தொடவோ ஏறவோ கூடாது. சுற்றியுள்ள சேறும் ஆபத்தானது. தள்ளி நின்றுதான் பார்க்கவேண்டும்.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, பின்னர் அதனை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய அதே கம்பனியின் கப்பல் இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் அந்தக் கோட்டையைப் படத்தில் மட்டும் கண்டவர்கள். எங்கள் ஊரின் சரித்திரத்தின் ஒரு துண்டு ஆங்கிலச் சேற்றில் கிடக்கிறது என்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. எனக்கும்தான்.

அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் பழைய நகரத்துக் கரைக்குப் போனோம். துறைமுகம் இல்லாமல், கூழாங்கற் கரையிலிருந்தே படகுகளைக் கடலில் தள்ளித் தொழில் செய்யும் மீனவர்கள் அங்கே இன்னமும் இருக்கிறார்கள். வலைகளை வைப்பதற்குக் கறுப்பு நிறத்தில் நெட்டையான மரக் கொட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய தேவாலயம் ஒன்று மீனவர் அருங்காட்சியகமாக இருக்கிறது. படகு ஒன்று முழுதாக உள்ளே நிற்கிறது. தங்கை அந்தப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "வலையின்ர மணம் எல்லா இடத்திலயும் ஒண்டுதான் அண்ணா" என்றாள். நான்கு நாட்களில் கடலைப் பற்றி அவள் அச்சமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது. விரதம் முடிந்துவிட்டதால் அன்று பகல் எல்லோரும் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் உப்பும் வினாகிரியும் சேர்த்து உண்டோம். மைத்துனரின் கையிலிருந்த மீன்துண்டை ஒரு கடற்காகம் பறித்துக்கொண்டு போனது. அதுவும் இங்கிலாந்துக் கடற்கரை விடுமுறையின் ஓர் அங்கமே.

நிற்க, அரசியல் பேசாமல் முடிக்க என்னால் இயலாது.

கடற்கரை விடுமுறை இங்கிலாந்தின் சாதாரண மக்களுக்குத் தானாகக் கிடைத்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்குளியல் செல்வந்தரின் வைத்தியம். புகையிரதம் வந்த பின்னரே தொழிலாளி கடலைக் கண்டான். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பாதை திறந்தது. 1871இன் வங்கி விடுமுறைச் சட்டம் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைக் கொடுத்தது. 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தது. இவற்றின் பின்னால் தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டம் இருக்கிறது. பின்னர் மலிவான விமானப் பயணம் மக்களை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது. ஆங்கிலக் கரையோர நகரங்கள் பல வறுமைப்பட்டன.

இன்று நிலைமை வேறுவிதமாக இருக்கிறது. பாடசாலை நாட்களில் அனுமதியின்றிப் பிள்ளையை விடுமுறைக்கு அழைத்துச்சென்றால் இங்கிலாந்தில் அபராதம். 2024 ஓகஸ்டிலிருந்து அது பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளை ஒன்றுக்கு 80 பவுண். ஆகவே எல்லோரும் ஓகஸ்டிலேயே போகவேண்டியிருக்கிறது. ஓகஸ்டிலேயே கரவன் வாடகையும் உச்சத்துக்குப் போகிறது. இரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் எம்மவர்களுக்கு இது பெரிய சுமை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கரவன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாட் பயணமாகப் போங்கள். வற்றுப்பெருக்கும் மணலும் இலவசம். பாறைக் குட்டைகளில் நண்டும் கடற்சாமந்தியும் பார்ப்பது இலவசம். பெட் லெவல் என்ற கரையில் கடல் வற்றும்போது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காடொன்றின் அடிமரங்கள் தெரியும். அதற்கும் கட்டணமில்லை.

அரசுக்கும் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் கடமை இல்லையா என்று சிலர் கேட்கலாம். நிச்சயமாக உண்டு. ஏழு உயிர்கள் போன பின்னர் வந்த உயிர்காப்பாளர்கள் முதலிலேயே வந்திருக்கவேண்டும். ஆனால் கடமை எங்களுக்கும் உண்டு. இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டப்படி, ஆரம்பப் பாடசாலையை விட்டு வெளியேறும் முன்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது 25 மீற்றர் நீந்தக் கற்பிக்கவேண்டும். அது தடாகத்து நீச்சல். கடல் அதனினும் குளிரானது, ஓட்டமுள்ளது. இங்குள்ள பெற்றோர் பலர் யுத்த காலத்தில் வளர்ந்தவர்கள். அந்நாட்களில் எங்கள் கடல் தடைசெய்யப்பட்ட வலயம். கரைக்குப் போகவே பயந்தோம். பின்னர் 2004இல் ஆழிப்பேரலை வந்தது. கடலறிவு எங்கள் தலைமுறையிலேயே அறுந்துவிட்டது. அறுந்ததைப் பிள்ளைகளுக்குக் கையளிக்க முடியாது. மீண்டும் கற்றுத்தான் கொடுக்கவேண்டும்.

லண்டனிலும் பிற நகரங்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒன்றுசேர்க்கின்றன. கோடை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன? வற்று, பெருக்கு, கொடி, மிதத்தல் ஆகிய நான்கு சொற்களையும் தமிழிலேயே கற்பிக்கலாம். பெற்றோரையும் பின்வாங்கில் இருத்தலாம். ஊர்ச் சங்கங்கள் நடத்தும் கடற்கரைச் சுற்றுலாக்களில் அட்டவணையை உரத்து வாசித்த பின்னரே சோற்றுச் சட்டியைத் திறப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். பெரிய செலவொன்றும் இல்லை.

நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் கடல் முழுதாகப் பெருகி, பின் வற்றத் தொடங்கியது. மூன்றரை மணிக்கு மருமகள் புத்தகத்தைப் பார்த்து, "இப்ப போகலாம்" என்றாள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில், உயிர்காப்பாளரின் கண்ணெதிரே, மைத்துனரும் பிள்ளைகளும் நானும் இறங்கினோம். தண்ணீர் குளிர்ந்தது. எங்கள் ஊர்க் கடலின் இளஞ்சூடு இதற்கு இல்லை.

திரும்பிப் பார்த்தபோது தங்கை மணற்குன்றிலிருந்து இறங்கி வந்து நீர்விளிம்பில் நின்றாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கணுக்கால் அளவுக்கு வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளை எண்ணுவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தபடி, முகம் கடலை நோக்கி இருக்க, மருமகள் "நேரம் சரி, எல்லாரும் வாங்கோ" என்று அழைக்கும் வரை அங்கேயே நின்றாள்.